கீழ்ப்பல் முன்னால் நிற்கும் பொமரேனியனுக்கு இணை தேடலாமா?

கேள்வி: எங்கள் பெண் பொமரேனியனுக்கு ஒன்றரை வயதாகிறது. வாயை மூடினால் கீழ் முன்பற்கள் மேல்வரிசைக்கு வெளியே தெரிகின்றன. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறது. பக்கத்துத் தெருவில் ஆண் நாய் வைத்திருப்பவர், தம் நாயின் பற்கள் சரியாக இருப்பதால் குட்டிகளுக்குக் குறை வராது என்றும், வேண்டுமானால் முதலில் கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். ஒருமுறையாவது குட்டி போடுவதுதான் பெண் நாயின் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வலியின்றிச் சாப்பிடுகிற நாய்க்குப் பல் அமைப்பின் பெயரால் வைத்தியம் எதுவும் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அதைக் கொண்டு குட்டி எடுப்பதை அந்த ஒரு காரணத்தால் சரி என்று சொல்லிவிட முடியாது.

நாய் வாயை மூடியிருக்கும்போதே உதட்டைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கிப் பாருங்கள். கீழ்க் கோரைப்பல், மேல்வரிசையின் கடைசி முன்பல்லுக்கும் மேல் கோரைப்பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், இரண்டையும் தொடாமல் உட்கார வேண்டும். அது அங்கேயே இருந்து, முன்பற்கள் மட்டும் இடம் மாறியிருந்தால், தாடையின் நீளத்தில் பெரும்பாலும் குறையிருக்காது. கோரைப்பல்லே முன்னால் நகர்ந்து மேல் முன்பல்லை உரசினால், மேல்தாடையை விடக் கீழ்த்தாடை நீண்டிருக்கிறது என்று பொருள். ஷி ட்சு, பக் போன்ற இனங்களில் இதை இனத்தின் இயல்பாகவே ஏற்கிறார்கள் (அது நாய்களுக்கு நல்லதா என்பது தனி விவாதம்); பொமரேனியனில் குறையாகவே கருதுகிறார்கள்.

தாடையின் நீளத்தைத் தீர்மானிப்பது ஒற்றை மரபணு அன்று. பல மரபணுக்கள் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, ஆண் நாயின் வாய் நேர்த்தியாக இருப்பதை உத்தரவாதமாகக் கொள்ள முடியாது. குட்டிகள் எல்லாம் சரியாகப் பிறந்தாலும், அவற்றின் குட்டிகளில் குறை வெளிப்படலாம். இதற்கு நேர்மாறாக, ஒரு நாய்க்குக் கீழ்த்தாடை குட்டையாக அமைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: கீழ்க் கோரைப்பற்கள் அண்ணத்தில் குத்திக் குழி விழுந்து, நாளடைவில் மூக்குவரை துளை ஏற்படவும் கூடும்.

கிளிப் போட்டுப் பல்லை நகர்த்துவது வலியைத் தீர்ப்பதற்கான சிகிச்சை. அதனால் மரபணு மாறாது. பல்லைத் திருத்தியபின் இணை சேர்த்துக் குட்டிகளை விற்பது, வாங்குகிறவரை ஏமாற்றுவதே ஆகும். கென்னல் கிளப் சான்றிதழும் வம்சாவளியைத்தான் சொல்லும், பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது போக, விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதி.

ஒருமுறை குட்டி போட்டாக வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால், பிற்காலத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் பெரிதும் நீங்கும். நீங்கள் அந்த வழியையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஆறு மாதமான மினியேச்சர் பின்ஷர் குட்டிக்குக் கோரைப்பற்கள் இரட்டையாகத் தெரிகின்றன. தானாக விழுந்துவிடுமா?
– வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: காத்திருக்க வேண்டாம். 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைப்பது ஏழு மாத அளவில் முடிந்துவிடும். நிரந்தரக் கோரைப்பல் வெளியே வந்தபின்னும் பால்பல் ஆடாமல் நின்றால், அதை எடுத்துவிடுவதே முறை. கீழ்த்தாடையில் புதுப்பல் பால்பல்லுக்கு உட்புறமாக முளைக்கும் என்பதால், பழையது வழிவிடாவிட்டால் அண்ணத்தை நோக்கியே வளரும். பால் கோரைப்பல்லின் வேர் மெலிந்து நீண்டது. வீட்டில் பிடித்து இழுத்தால் முறிந்து ஈறுக்குள்ளேயே தங்கிவிடும். எனவே எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்கும் வசதியுள்ள இடத்துக்கு, ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பல் சிகிச்சை செய்யும் வேறு மருத்துவரிடமோ, இந்த வாரமே கொண்டுசெல்லுங்கள். சிறிய இனங்களில் இந்தக் குறையும் பரம்பரையாக வருவதுண்டு என்பதால், இதே ஜோடியின் குட்டி வேறு யாரிடமாவது இருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள்.