வாக்கு எண்ணுமுன்னே மாறிய கொள்கை

கேள்வி: இலங்கைக்கு அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கட்சிகள்தானே முடிவு செய்யும்? பதாகை பிடிக்கிற பொது அமைப்புகளால் என்ன ஆகிவிடும்?
– வாசகர், மூதூர்

பதில்: கட்சிகளின் முடிவு எத்தனை நாளைக்கு? தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பாருங்கள். 2011 செப்டெம்பரில், மக்களின் பயம் தீரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது ஜெயலலிதாவின் அமைச்சரவை. 2012 மார்ச் 18 அதே மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல். மறுநாளே அதே அமைச்சரவை வேலையைத் தொடங்கச் சொன்னது. வாக்கு எண்ணக்கூட இல்லை!

போராட்டம் நடந்த இடிந்தகரைக் கிராமத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் போராட்டம் உச்சத்துக்கு வந்தபோது முதல் உலை கிட்டத்தட்டக் கட்டி முடிந்திருந்தது. 2013 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளைப் போட்டுவிட்டு, ஓடட்டும் என்றது.

உங்கள் பக்கத்துச் சம்பூரில் நடந்தது வேறு. அது 500 மெகாவாட் அனல்மின் திட்டம். நிலக்கரிதான், அணு அல்ல. நிலையம் எழும்பவே இல்லை. சுற்றுச்சூழல் அமைப்பின் வழக்கு நடக்கையில், நிலையம் கட்டப்படாது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். (டில்லி–கொழும்புக் கணக்குகளும் அதில் உண்டு, முழுப் பெருமையையும் வழக்குக்கே கொடுத்துவிடாதீர்கள்.)

ஆகவே பதாகையைவிடத் திகதி முக்கியம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வந்தாக வேண்டும். அதன்பின் கருத்துச் சொல்ல 30 வேலைநாள். அடிப்படை உரிமை வழக்கென்றால், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். தகவல் அறியும் விண்ணப்பத்துக்கு 14 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும். அதனால் அறிவித்தல் வருமுன்பே அதைப் போட்டு வையுங்கள்.

பலர் சறுக்குவது அந்தக் கருத்தை எழுதும் கடிதத்தில். “எங்களுக்கு வேண்டாம்” என்று ஆயிரம் பேர் கையெழுத்திட்டாலும் அதில் பதில் சொல்ல ஒன்றுமில்லை. வெளியேறும் சூட்டுநீர் கொட்டியாரக்குடாவை எத்தனை பாகை சூடாக்கும்? மீன்பிடிக்குத் தடைசெய்யும் எல்லை எது? பாவித்த எரிபொருளை எங்கே, எத்தனை ஆண்டு வைப்பார்கள்? இப்படிக் கேட்டால் திட்டக்காரர் எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கும். நாளை வழக்குக்கு அந்தப் பதில்தான் ஆவணம்.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் அணுசக்திச் சபையையும் அதைக் கண்காணிக்கும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் தனித்தனியாகப் பிரித்திருக்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.