தனிமனிதத் தலைமை என்றால் என்ன? பதவி இல்லாதவருக்கும் அது பொருந்துமா?

தாராளமாகப் பொருந்தும். யாரும் சொல்லாமலே, செய்ய வேண்டியதை முதல் ஆளாகச் செய்வதும், அதை அடுத்தவர் மனம் நோகாமல் செய்வதும்தான் தனிமனிதத் தலைமை.

தமிழ்நாட்டுச் செங்கோட்டையிலிருந்து கேரளத்துப் புனலூர் போகும் ஆரியங்காவு மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் ஒரு பைக் சறுக்கி விழுகிறது. சட்டென்று கூட்டம் சேரும்; வேறு யாராவது போன் பண்ணியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ஆள் கூடக்கூடப் பொறுப்பு கரைந்துபோகும். கல்யாணப் பந்தியில் முதல் ஆள் இலையில் கை வைக்கும்வரை எல்லோரும் காத்திருப்பதைப் போலத்தான் இதுவும்.

"அண்ணாச்சி, நீங்க 108-க்குப் போடுங்க. சேட்டா, பின்னால வர்ற லாரிய கொஞ்சம் நிறுத்துங்க" என்று ஆளைப் பார்த்து, மரியாதையாக ஒருவர் சொன்னால் போதும், கூட்டமே வேலையில் இறங்கிவிடும். பொதுவாகக் கத்தினால் யாரும் அசைய மாட்டார்கள். அதட்டினாலோ, எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் 'நமக்கெதற்கு' என்று விலகியே போய்விடுவார்.

அப்புறம், உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் எனப் பலர் நினைப்பது தவறு: 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது, பெயர், முகவரி சொல்லும்படி போலீசார்கூடக் கட்டாயப்படுத்த முடியாது.