சிந்த்வேவ் கலைஞரின் முதல் ஆல்பத்துக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?

1980களின் சினிமா, வீடியோ கேம் ஒலிகளை நினைவூட்டும்படி இன்று புதிதாக உருவாக்கப்படும் மின்னணு இசைதான் சிந்த்வேவ். 2000களின் நடுப்பகுதியில் இது உருவெடுத்ததில் பிரெஞ்சுக் கலைஞர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் கரு பாட்டுகளிலிருந்து வருவதைவிடக் காட்சிகளிலிருந்து வருவதே அதிகம் என்பேன். பிரெஞ்சு சிந்த்வேவ் கலைஞர் கவின்ஸ்கியின் முதல் ஆல்பத்தையே பாருங்கள். 2013இல் வந்த அதன் பெயர் 'அவுட்ரன்'. 1986இல் சேகா நிறுவனம் வெளியிட்ட கார் வீடியோ கேம் விளையாட்டின் பெயரும் அதுதான். விளையாட்டில் பறப்பது சிவப்பு ஃபெராரி டெஸ்டரோசா. கவின்ஸ்கியின் கற்பனை நாயகனும் 1986இல் டெஸ்டரோசாவில் போய் விபத்தில் இறக்கிறான். அப்புறம் பிணமாக எழுந்து வந்து இசையமைக்கிறான்! ஒரு விளையாட்டுக் காரிலிருந்து முழுக் கதையே பிறந்துவிட்டது.

ஒலிக்கு முன்னோடி என்றால் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜான் கார்பென்டர். தன் படங்கள் பலவற்றுக்குத் தானே சிந்தசைசரில், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியில், இசையமைத்தவர். தாழ்ந்த ஒலியில் ஒரு சிறு பேஸ் வரி விடாமல் திரும்ப வரும், பதற்றம் மெல்ல ஏறும். டிரம் ஒலி மட்டும் 80களின் பாப் இசையிலிருந்து வந்தது: எதிரொலி பெரிதாக எழுந்து சட்டென வெட்டுப்படும்.

சரி, ஏன் குறிப்பாக 80கள்? சிந்தசைசர் பரவலாகி, 'எதிர்காலம்' என்றாலே அந்த ஒலிதான் என்று மனதில் பதிந்த காலம் அது. இன்றைய கலைஞர்கள் பலர் அப்போது பிறக்கவே இல்லை. பாட்டி சொன்ன கதையை வைத்து, பார்க்காத ஊரை மனதில் வரைந்துகொள்வதுபோலத்தான் இது.

பழைய பாட்டுகளின் ரீமிக்ஸ் என்று பலர் இதை நினைக்கிறார்கள். பெரும்பாலும் மெட்டு புதிது, ஒலியின் நிறம்தான் பழையது.