நாம் இன்னும் ஒரு தண்ணீர் லாரி அளவுக்குத்தான் தேடியிருக்கிறோம்

கேள்வி: இவ்வளவு காலம் தேடியும் அறிவுள்ள வேற்றுக்கிரகவாசிகளை மனிதன் ஏன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை?

"இவ்வளவு காலம் தேடியும்" என்ற சொற்களைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு தேடினோம் என்று உங்களுக்கு யாராவது கணக்குச் சொன்னார்களா? இரவு பதினொரு மணிக்கு மேல் யூடியூபில் பறக்கும் தட்டு, பிரமிடு, அமெரிக்க ராணுவத்தின் ரகசியம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறவன்தான். ஆனால் அவற்றில் தேடலின் வரவு செலவை யாரும் பேசுவதில்லை.

நான் விஞ்ஞானி அல்ல, பி.காம். படித்தவன். 2000-களின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். ஆனால் இந்தத் தேடலில் என் கடைக் கணினிகளும் வேலை செய்திருக்கின்றன. அதனால் பேசுவதற்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 1999 மே மாதம் 'ஸெட்டி அட் ஹோம்' என்றொரு திட்டத்தைத் தொடங்கியது. 'ஸெட்டி' என்றால் வேற்றுக்கிரக அறிவைத் தேடுவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். போர்ட்டோ ரிக்கோவில் அரெசிபோ என்ற இடத்தில் 305 மீட்டர் அகலமுள்ள வானொலித் தொலைநோக்கி இருந்தது. வேறு யாரோ வேறு ஆராய்ச்சிக்காக அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, கூடவே வந்து விழும் அலைகளை இவர்கள் நாடாவில் பதிந்துகொள்வார்கள். அந்தப் பதிவை 107 விநாடித் துண்டுகளாக நறுக்கி, உலகெங்கும் சும்மா கிடக்கும் கணினிகளுக்கு அலசுவதற்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு சுமார் 350 கேபிதான். டயல்-அப் இணைப்பில் இறக்கிவிட்டு போனைத் துண்டித்துவிடலாம். வாடிக்கையாளர் எழுந்து போனதும் ஸ்கிரீன் சேவராக ஓடத் தொடங்கும்.

கறுப்புத் திரையில் வண்ண ஊசிகள் வரிசை வரிசையாக நிமிர்ந்து நிற்கும். வைரஸ் என்று பயந்து மவுஸைத் தொடாமல் எழுந்தவர்கள் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்ப வரும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் மட்டும், "இது என்ன தம்பி?" என்று விடாமல் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வானத்தின் ஒரு புள்ளி அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடந்துபோகச் சுமார் 12 விநாடி ஆகும். உண்மையாகவே அங்கிருந்து வரும் சிக்னல் என்றால் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்க வேண்டும். நம்முடைய ராடாரோ செயற்கைக்கோளோ போடும் இரைச்சல் அப்படி ஏறி இறங்காது. அதன் பிறகு அவர் கடைக்குள் வரும்போதெல்லாம் முதல் கேள்வி, "என்ன தம்பி, ஏறி இறங்குகிறதா?" என்பதுதான். "இல்லை சார்" என்பேன். "பொறுமை, பொறுமை" என்று சொல்லிவிட்டு உட்கார்வார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அரெசிபோ தொலைநோக்கியால் வானத்தில் ஒரு பட்டையைத்தான் பார்க்க முடியும். நாங்கள் அலசியது 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டும். ஹைட்ரஜன் இயற்கையாக உமிழும் அலை அது. அறிவுள்ள எவரும் அதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது ஒரு ஊகம். அவர்கள் வேறு அலைவரிசையில் பேசினால்? லேசரில் பேசினால்? நாம் வேறு பக்கம் திரும்பிய பிறகு பேசினால்? 1977-இல் அமெரிக்காவின் ஓஹியோவில் 'வாவ்' என்று பெயர் பெற்ற, எங்கிருந்து வந்தது என்று இன்னும் உறுதியாகாத ஒரு வானொலி சிக்னல் பிடிபட்டது; 72 விநாடி இருந்தது. பிறகு எத்தனையோ முறை அதே திசையில் காது வைத்தும் மீண்டும் வரவில்லை.

2018-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜேசன் ரைட் என்ற வானியலாளரும் அவரது குழுவினரும் திசை, அலைவரிசை, வலிமை, நேரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். தேட வேண்டியது உலகக் கடல்கள் முழுவதும் என்றால், இதுவரை தேடியது சுமார் 7,700 லிட்டர். எங்கள் ஊரில் கோடையில் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியின் அளவு. அதில் மீன் இல்லை என்று கடலில் மீனே இல்லை என்று சொல்வீர்களா?

பணமும் அப்படித்தான். 1960-இல் ஃபிராங்க் டிரேக் என்ற அமெரிக்க வானியலாளர் இந்தத் தேடலைத் தொடங்கியபோது பார்த்தது இரண்டே விண்மீன்கள். 1992 அக்டோபரில் நாசா முறையாகத் தேடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்க செனட் நிதியை வெட்டிவிட்டது. வெட்டியது நாசாவின் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்ச நேரத்திலும் நன்கொடையிலும் என்னைப் போன்றவர்களின் ஓசிக் கணினியிலும் நடந்த வேலை இது.

உடனே சிலர், "யாருமே இல்லாமலும் இருக்கலாமே" என்று வருவார்கள். இருக்கலாம். பூமிக்கு வயது 450 கோடி ஆண்டு, நாம் வானொலி கண்டுபிடித்து நூற்றுச் சொச்சம் ஆண்டுதான். அறிவு என்பது அவ்வளவு அபூர்வமாகவே இருக்கக்கூடும். நான் மறுக்கவில்லை. தேடி முடித்தபின் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். "நம்மை ஒளிந்திருந்து வேடிக்கை பார்க்கிறார்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தச் சான்றாலும் பொய்யாக்க முடியாத ஒன்றோடு எப்படி வாதாடுவது?

"மின்சாரம் வீண்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பில் கட்டியது நான். இதைச் சொல்லும்போதே கட்டட உரிமையாளர் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. குறிப்பிட்ட அளவு துண்டுகளை அலசி முடித்தால் பெர்க்லி ஒரு சான்றிதழ் தரும். அதை அச்செடுத்து விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தேன். கடையைக் காலி செய்தபோது, அந்த டேப் தடத்தைக் காட்டி, முழுக் கடைக்கும் வெள்ளையடிக்கும் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார் மனிதர். வாடகைக்கு இருந்த எவருக்கும் இது புரியும். கேட்டால், "சுவரில் ஆணி, டேப் கூடாது என்று முதலிலேயே சொன்னேனே" என்றார். சொல்லவே இல்லை.

2020 மார்ச் மாதத்தோடு துண்டுகள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, கம்பிவடங்கள் அறுந்து அரெசிபோ தொலைநோக்கியும் இடிந்து விழுந்தது. ஆனால் வேலை முடியவில்லை. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணினிகள் கண்டு சொன்ன, சிக்னலாக இருக்கலாம் என்ற சுமார் 1,200 கோடித் தடயங்களைப் பெர்க்லியில் சலித்துச் சலித்து ஏறக்குறைய நூறுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சீனாவின் 500 மீட்டர் 'ஃபாஸ்ட்' தொலைநோக்கியைத் திருப்பி அவற்றை மறுபடி பார்க்கிறார்கள். அவையும் பெரும்பாலும் நம் பூமியின் இரைச்சலாகவே முடியும் என்பது என் கணிப்பு. தப்பித் தவறி ஒன்று நிஜமாகி, அது திண்டுக்கல்லில் அலசிய துண்டு என்றும் தெரிந்தால், அந்த அட்வான்ஸ் பாக்கியை வட்டியோடு கேட்கப் போவேன்.