சென்சாரை மாற்றினால் விளக்கு அணைந்துவிடுமா?

டீசல் லாரியில் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே கதைதான்: விளக்கு எரிந்தது, ஸ்கேனர் ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னது, அதை மாற்றினார்கள், சில நாளில் விளக்கு திரும்ப வந்தது. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஃபில்டர் அடைப்பு விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து பிரஷர் சென்சாரை மாற்றினார்கள். பத்தே நாளில் அதே விளக்கு. இப்போது ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பில்லோடு தந்த தாளில் 3251, 0 என்று இருக்கிறது. மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் வரவைக்கும் பழக்கம் இது. "இந்த இடத்திலிருந்து வரும் தகவல் சரியாகப் படவில்லை" என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கொடுக்கும் புகார்தான் எரர் நம்பர். அந்த இடத்தில் இருக்கும் பொருள் கெட்டுவிட்டது என்று அது சொல்வதே இல்லை. ஆனால் பல இடங்களில் புகாரை விசாரிப்பதில்லை. பெயர் வந்த பொருளைக் கழற்றிவிட்டுப் புதிதைப் போடுகிறார்கள். அதுவும் சரிப்படவில்லை என்றால் பக்கத்தில் இருப்பதை மாற்றுகிறார்கள். அவர்களுடைய ஒவ்வொரு ஊகத்துக்கும் பணம் கட்டுவது நீங்கள்.

உங்கள் தாளையே எடுத்துக்கொள்வோம். கனரக லாரிகளில் எரர் நம்பர் இரண்டு பகுதியாக வரும். முதல் எண்ணான எஸ்பிஎன், எந்த இடம் என்று சொல்லும். இரண்டாவதான எஃப்எம்ஐ, என்ன மாதிரியான கோளாறு என்று சொல்லும். 3251 என்பது ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு. அதோடு 3 அல்லது 4 வந்திருந்தால் மின்னழுத்தம் வரம்பு தாண்டியிருக்கிறது, ஒயர், கனெக்டர், சென்சார் என்று தேடலாம். உங்களுக்கு வந்தது 0. அழுத்தம் மிக அதிகம் என்று சென்சார் தெளிவாகத் தகவல் அனுப்பியிருக்கிறது. சென்சாரைச் சோதிக்காமல் மாற்றுவதற்கு அந்தத் தாளில் எந்தக் காரணமும் இல்லை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல், ஸ்கேனரில் அழுத்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். காற்றே ஓடாதபோது வேறுபாடு பூஜ்யம்தான் இருக்க முடியும். வேறு எண் வந்தால் சென்சாரையோ ஒயரையோ சந்தேகப்படலாம். பூஜ்யம் வந்தால் இன்ஜினை ஓட விடுங்கள். ஐடிலில் மிகச் சிறிய எண் வரும், ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சீராக ஏறும், விட்டால் இறங்கும். ஐடிலிலேயே எகிறி நின்றால் அடைப்பு உண்மை. எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை என்றால் குழாய் கழன்றிருக்கலாம், அடைத்திருக்கலாம், ஃபில்டர் உள்ளே உடைந்திருக்கலாம்.

அந்தக் குழாய்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் ஃபில்டருக்கு முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று இரண்டு மெல்லிய குழாய்கள் சென்சாருக்கு வரும். சூட்டில் வெடிக்கும், உருகும், கரி அடைக்கும், தண்ணீர் தேங்கும். சென்சாரை மாற்றும்போது இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிடுவதும் நடக்கிறது. முன்பக்கக் குழாயில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் குறைவாகத் தெரியும். ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பி, கரியை எரிக்க வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடும். கடைசியில் ஃபில்டர் நிஜமாகவே அடைத்துக்கொள்ளும்.

சரி, எல்லாம் பார்த்தபின் அடைப்பு உண்மை என்றே தெரிகிறது, அப்போதாவது மாற்றலாமா? ஏன் அடைத்தது என்று தெரிந்தபிறகு மாற்றலாம். ஒழுகும் இன்ஜெக்டர், ஆயில் கசியும் டர்போ, திறந்தபடி நின்றுவிட்ட ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு), காற்று கசியும் இன்டர்கூலர் குழாய், இவற்றில் ஏதாவது ஒன்று கரியையோ ஆயிலையோ தள்ளிக்கொண்டிருந்தால் புது ஃபில்டரும் அதே கதிக்குத்தான் போகும். கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள். சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது நல்ல நிலையில் இருந்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போது ரீஜென் (ஃபில்டரில் சேர்ந்த கரியைச் சூட்டில் எரித்துச் சுத்தம் செய்வது) தொடங்கினால் இன்ஜினை அணைத்துவிடுவேன், டீசல் வீணாகிறதே என்று. தவறா?

பதில்: தவறு. இன்றோடு நிறுத்திவிடுங்கள். கரி எரிய ஃபில்டருக்குள் 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். பாதியில் அணைத்தால் அந்தச் சூட்டுக்குச் செலவான டீசலும் போச்சு, கரியும் அப்படியே இருக்கும். சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் பீய்ச்சும் இன்ஜினாக இருந்தால் அது ஆயிலில் கலக்கும். நாளையே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தால் உடனே ஆயில் மாற்றுங்கள். அப்புறம், நிறுத்திவைத்து ரீஜென் செய்யும்போது காய்ந்த புல், வைக்கோல் பக்கத்தில் வண்டி நிற்கக் கூடாது.

கேள்வி: நாக்ஸ் சென்சார் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளப்பது) இணையத்தில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் இல்லை. வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். போட்டதும் விளக்கு அணைந்தது, மகிழ்ந்தேன். மூன்றாவது வாரம் நெடுஞ்சாலையில் பவர் குறைந்து வண்டி தவழ ஆரம்பித்தது. மின்சாதனம் பொருத்திவிட்டால் திரும்பப் பெறமாட்டோம் என்று விற்றவர் பதில் எழுதினார். அந்த வரி விளம்பரத்தின் அடியில் இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. கடைசியில் ஒரு பொறுமையான மெக்கானிக் பழைய சென்சாரின் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சைப் பூஞ்சை போல உப்புப் பூத்திருந்தது. பின்களைச் சுத்தம் செய்து பழையதையே மாட்டினார். இன்றுவரை ஓடுகிறது.

அந்த சென்சாருக்குள் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கப்படும் ஒரு பீங்கான் துண்டு இருக்கிறது. சூடாக இருக்கும்போது தண்ணீர்த் துளி பட்டால் விரிசல் விடும். அதனால் குழாயில் ஈரம் காய்ந்தபிறகுதான் அது வேலையைத் தொடங்கும். வண்டியை ஸ்டார்ட் செய்த உடனே "ரீடிங் வரவில்லை, சென்சார் போச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்ஜின் பக்கம் ஒன்று, குழாயின் கடைசியில் ஒன்று என இரண்டு இருக்கும். நாக்ஸைக் குறைக்கப் புகையில் தெளிக்கும் யூரியாக் கரைசல் போகாத நேரத்தில், சூடான இன்ஜினில், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். காட்டினால் சென்சார்களை விட்டுவிட்டு யூரியா பக்கம் போங்கள். கரைசலில் யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், கரைசலின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டாலே தெரிந்துவிடும். தண்ணீர் கலந்த யூரியாவால் வந்த கோளாறுக்கு சென்சாரை மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

கேள்வி: எட்டு மாதமாக விளக்கு எரிகிறது. வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். இப்போது மேடு ஏறவில்லை. ஃபில்டர் வாரண்டியில் வருமா?

பதில்: எட்டு மாதம் எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் அது பதிவாகியிருக்கும். கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய லாரி வாங்கினேன். ஃபில்டர் புதிதாகப் போட்டது என்று விற்றவர் மெசேஜில் எழுதியிருந்தார். சர்வீஸில் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் உறை. விளக்கு எரியாதபடி சாஃப்ட்வேரையும் மாற்றியிருக்கிறார்களாம். சேமிப்பு முழுவதையும் இதில் போட்டேன்.

பதில்: படித்ததும் மனம் கனத்துவிட்டது. உங்கள் மேல் தவறு இல்லை. விளக்கு எரியாத வண்டியில், எழுதிக் கொடுத்த வார்த்தையை நம்பினீர்கள். இது ஏமாற்று.

இப்போது எதையும் மாட்டவோ மாற்றவோ வேண்டாம். வெற்று உறையைப் பல கோணங்களில், வண்டியின் சேசிஸ் எண்ணும் தெரியும்படி, படம் எடுங்கள். விற்றவரோடு தொடர்பில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: உறைக்குள் இருக்க வேண்டிய ஃபில்டர் கல் இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராம் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மெசேஜை அழியாமல் பாதுகாத்து வையுங்கள். வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. பிறகு சரிசெய்யும் முழுச் செலவையும் கேட்டு விற்றவருக்குக் கெடு வைத்து எழுதுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போங்கள். செலவுக் கணக்கில் ஃபில்டரோடு புரோகிராமைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் சேருங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டீசல் புகையை 2012-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஃபில்டரைக் குடைந்து எடுத்தவர் உங்கள் பணத்தோடு, அந்த லாரியின் பின்னால் போகிறவர்களின் மூச்சையும் கெடுத்திருக்கிறார்.

வாங்கப் போகிற மற்றவர்கள் ஒன்று செய்யுங்கள். புகைக்குழாய் ஆறியிருக்கும்போது விரலில் வெள்ளைத் துணி சுற்றி, குழாய் வாயின் உட்பக்கம் தேயுங்கள். நல்ல ஃபில்டர் இருக்கும் வண்டியில் துணி ஏறக்குறைய சுத்தமாகவே வரும். கன்னங்கரேல் என்று வந்தால் ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை.

கேள்வி: ரீஜென் செய்தும் சீக்கிரமே அடைக்கிறது. ஃபில்டரைக் கழற்றித் தண்ணீர் பிரஷரில் அடித்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர். நல்லதா?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். ரீஜெனில் கரி எரியும், சாம்பல் எரியாது. இன்ஜின் ஆயிலில் சேர்த்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து மிஞ்சும் சாம்பல் அது. ஃபில்டரில் ஒன்றுவிட்டு ஒன்று அடைத்த சந்துகளின் கடைசியில் போய்ப் படியும். கண்டபடி தண்ணீர் அடித்தால் அது களியாகி இறுகலாம், மேல்பூச்சும் போகலாம். சூளையில் சூடாக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று செலுத்தி எடுக்கும் இடத்தில் கொடுங்கள். முன்னும் பின்னும் எடை எவ்வளவு, காற்றோட்டம் எவ்வளவு என்று தாளில் தரச் சொல்லுங்கள். தராதவருக்குப் பணம் தராதீர்கள். எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள் என்றும் பாருங்கள். ஃபில்டர் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். சிகே-4 என்ற ஆயில் தரத்தில் சல்பேட் சாம்பலுக்கு 1 சதவீதம்தான் உச்சவரம்பு.

கேள்வி: புகைக்குழாயில் நான்கு வெப்ப சென்சார்கள். ஏதோ ஒன்று தவறாகக் காட்டுகிறது. நான்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: நான்கும் வேண்டாம். இரவு முழுக்க நின்ற லாரியில் காலையில் சாவியை மட்டும் போட்டு, நான்கின் அளவையும் ஸ்கேனரில் பாருங்கள். எல்லாம் வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டி, ஒன்றோடொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். எது விலகி நிற்கிறதோ அதன் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, மறுநாள் காலை திரும்பவும் பாருங்கள். அப்போதும் விலகி நின்றால் ஒயரைச் சோதித்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.