நாற்றத்துக்கும் லைசென்ஸ் உண்டா?

ஓய்வுபெற்ற சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்

கேள்வி: எங்கள் வீதிக்குப் பின்னால் நெல் அவிக்கும் மில் இருக்கிறது. ஊறல் தண்ணீரை அப்படியே திறந்துவிடுகிறார்கள். அது வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது. சாயங்காலமானால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. பேரூராட்சியில் கேட்டால், "அவர் வரியெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறார், லைசென்ஸும் இருக்கு" என்கிறார்கள். என்ன செய்வது?
(வாசகர், புதுவயல் அருகில்)

பதில்: வரி கட்டுவதற்கும் கழிவுநீர் விடுவதற்கும் என்ன சம்பந்தம்? நான் வேலையில் இருந்தபோது விசாரணைக்குப் போனால் முதலில் ஒரு ஃபைலை நீட்டுவார்கள். சொத்துவரி ரசீது, தொழில்வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் வரிசையாக இருக்கும். கேட்ட காகிதம் மட்டும் இருக்காது.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, உள்ளாட்சி கொடுக்கும் தொழில் உரிமம். பழைய ஆட்கள் நாங்கள் 'டி அண்ட் ஓ' லைசென்ஸ் என்போம். ஆபத்தானது, அருவருப்பானது என்று சட்டம் ஒதுக்கி வைத்த தொழில்களுக்கானது. 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இதற்கு நீளமான பட்டியல் உண்டு. இப்போது 2023-இல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள்தான் கணக்கு. இரண்டாவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின்படியும் மில் கட்டும் முன் ஒரு தடவை, ஓட்டும் முன் ஒரு தடவை வாங்க வேண்டும். கழிவுநீர் எவ்வளவு வரும், எப்படிச் சுத்திகரித்து எங்கே விட வேண்டும் என்ற நிபந்தனையெல்லாம் இதில்தான் இருக்கும். பிடி அங்கேதான்.

இரண்டின் நகலையும், கடைசியாக ஆய்வு செய்த அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். பேரூராட்சிக்கு ஒன்று, வாரியத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள்.

அப்புறம் மனு. 'துர்நாற்றம் தாங்க முடியவில்லை' என்று மட்டும் எழுதினால், சானிட்டரி இன்ஸ்பெக்டர் மத்தியானம் வந்து மோந்து பார்த்துவிட்டு 'ஒன்றும் தெரியவில்லையே' என்று எழுதிவிட்டுப் போவார். நெல் மணிக்கணக்காக ஊறிய தண்ணீரில் மாவுச்சத்தும் சர்க்கரையும் இறங்கியிருக்கும். மஞ்சளாக, நுரையோடு வரும். திறந்தவுடன் அவ்வளவு நாறாது. கால்வாயில் தேங்கி, காற்றோட்டம் இல்லாமல் அழுகும்போதுதான் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி அழுகின முட்டை வாடை அடிக்கும். அதனால் ஊறல் தொட்டியை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எந்தக் குழாய் வழியாக வருகிறது, எந்த இடத்தில் தேங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து, படத்தோடு கொடுங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகும் தண்ணீர் வழக்குக்கு உதவாது. வாரிய அதிகாரி, ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து முறைப்படி எடுக்கிற மாதிரிதான் செல்லும். மனுவில் அதையே கேளுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? தேவகோட்டை கோட்டாட்சியரிடம் போங்கள். பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை ஆணை போடும் அதிகாரம் அவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவு. மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் ஊர்க்காரர்கள் இந்த 133-ஐப் பிடித்துக்கொண்டுதான் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார்கள். அங்கே சாராய ஆலைக் கழிவும் திறந்த சாக்கடையும் தெருவில் ஓடியது. நகராட்சி 'பணம் இல்லை' என்றது. 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்கவே இல்லை. மனுவில் அந்தத் தீர்ப்பை ஒரு வரி குறிப்பிட்டால், வாங்குகிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். என் அனுபவம்.

கேள்வி: வீட்டின் பின்கட்டில் முறுக்கு, அதிரசம், சீப்புச் சீடை போட்டு வெளியூருக்கு அனுப்புகிறோம். வேலைக்குப் பெண்கள் வருகிறார்கள். பக்கத்து வீட்டார் எண்ணெய்ப் புகை என்றும் சாக்கடை என்றும் சண்டைக்கு வருகிறார்கள். வீட்டுப் பலகாரத்துக்குமா லைசென்ஸ்?
(ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

பதில்: ஆமாம் ஆச்சி. ஆள் வைத்துச் செய்து விற்றால் அது தொழில். பேரூராட்சியில் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புத் துறையில் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இரண்டும் வாங்கிவிடுங்கள். புகாரில் பாதி அதோடு அடங்கிவிடும்.

மீதிப் பாதி தண்ணீர். உங்கள் வீட்டு முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகிற வாய்க்கால் மழைத் தண்ணீருக்காகக் கட்டியது. அது கடைசியில் ஊருணியில் போய்ச் சேரும். அதில் சட்டி கழுவின தண்ணீரை விடாதீர்கள். கழுவுகிற இடத்தில் தடுப்பு வைத்த சின்னத் தொட்டி ஒன்று கட்டினால் எண்ணெய் மேலே ஆடையாக நிற்கும். அடியிலுள்ள தண்ணீர் மட்டும் உறிஞ்சு குழிக்குப் போகும். ஆடையை அடிக்கடி வழித்து எடுக்க வேண்டும், மறந்தால் அதுவே நாறும். சுட்ட எண்ணெயை ஊற்றிவிடாமல் பயோ டீசலுக்கு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள், காசும் வரும். புகைபோக்கியைப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தால், சண்டையில் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கோழிக் கழிவை அரைத்துத் தீவனம் செய்யும் ஆலை வரப்போகிறதாம். இன்னும் கட்டவில்லை. இப்போதே ஆட்சேபிக்கலாமா?
(வாசகர், திருப்பத்தூர் சாலை)

பதில்: இப்போதுதான் ஆட்சேபிக்க வேண்டும். கட்டி மெஷின் ஏற்றிவிட்டால், 'முதல் போட்டாச்சு' என்று எல்லாரும் அவருக்காக இரக்கப்படுவார்கள். ஊராட்சித் தலைவர், வட்டார வளர்ச்சி அலுவலர், வாரியம் மூவருக்கும் எழுதி, ஒப்புகை வாங்கி வையுங்கள். அடுத்த கிராம சபையில் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. 'ஆலை வேண்டாம்' என்று மட்டும் தீர்மானம் போடாதீர்கள். கண்மாய் எத்தனை மீட்டரில் இருக்கிறது, பள்ளிக்கூடம் எத்தனை மீட்டரில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.