குதிகால் வெடிப்புக்கு எவ்வளவு கிரீம் போட்டும் ஏன் சரியாவதில்லை?

பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். காய்ப்பேறிய தோலுக்கு மேலேயே கிரீமைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். இல்லையென்றால், அது வறட்சியே அல்ல, பூஞ்சைத் தொற்று.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது, வியர்வைச் சுரப்பிகள் மட்டும்தான். ஈரத்தைப் பிடித்துவைக்கும் எண்ணெய்ப்பசை அங்கே தானாக ஊறாது. போதாக்குறைக்கு மேல்தோலும் மிகத் தடிமன். நிற்கும்போது உடல் எடையில் குதிகாலின் அடிக்கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கும். ஈரமுள்ள தோல் அதற்கு இழுபட்டுக் கொடுக்கும். காய்ந்து தடித்த தோல் விளிம்பில் பிளந்துவிடும். பின்பக்கம் திறந்த செருப்பு, நெடுநேரம் நிற்பது, கூடுதல் எடை, சுடுதண்ணீர்க் குளியல், காரமான சோப்பு எல்லாமே இதை வளர்ப்பவை.

இதற்கான பராமரிப்பை இரவில் செய்வது நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பில்லாமல் 10 நிமிடம் பாதங்களை வையுங்கள். அரைமணி நேரம் ஊறவைத்தால் தோல் ஊதி, பிறகு முன்னைவிட அதிகமாகக் காயும். பியூமிஸ் கல்லால் காய்ப்பை மட்டும் மென்மையாகத் தேய்த்து, கொஞ்சம் உதிர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் முழுக்க எடுக்க நினைத்து அழுத்தித் தேய்த்தால், அந்த உராய்வுக்கே தோல் மீண்டும் தடிக்கும். பிளேடு வேண்டவே வேண்டாம். இந்த ஊறலும் தேய்ப்பும் வாரம் இரண்டு, மூன்று முறை போதும்.

ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் போவதற்குள் யூரியா கலந்த கிரீம் தடவுங்கள். யூரியா தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், செறிவு கூடினால் காய்ந்த தோலின் பிணைப்பையும் தளர்த்தும். வெறும் வறட்சிக்கு 10 சதவீதம், காய்ப்பும் வெடிப்பும் இருந்தால் 20 முதல் 25 சதவீதம். 40 சதவீதத்தை மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள். மேலே மெல்லிய பூச்சாகப் பெட்ரோலியம் ஜெல்லி, அதன்மேல் பருத்திக் காலுறை. ஜெல்லி ஈரத்தைத் தராது, இருப்பதைப் பூட்டிவைக்கும். அதனால்தான் காய்ந்த காலில் அதை மட்டும் தடவிப் பலனில்லை என்கிறார்கள். காலையிலும் ஒருமுறை கிரீம் தடவுங்கள். விரல் இடுக்குகளில் மட்டும் வேண்டாம், அங்கே ஈரம் தேங்கினால் சேற்றுப்புண் வரும்.

ரத்தம் கசியும் பிளவில் யூரியாவோ, காய்ப்பைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலமோ பட்டால் கடுமையாக எரியும். அது மூடும்வரை அந்த இடத்தில் ஜெல்லி தடவி பிளாஸ்திரி ஒட்டுங்கள். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தேய்க்கும் யோசனைகளைத் தயவுசெய்து கேட்காதீர்கள். முன்னது புண்ணை எரிக்கும், பின்னது காரத்தன்மையால் தோலை இன்னும் உலர்த்தும்.

ஒழுங்காகச் செய்தால் இரண்டு, மூன்று வாரத்தில் மென்மை தெரியும். ஆழமான பிளவுகளுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும். ஆறியதும் கிரீமை அடியோடு நிறுத்தினால் வெடிப்பு திரும்பிவிடும்.

ஒரு மாதமாகியும் மாற்றமில்லை என்றால் பூஞ்சையைச் சந்தேகியுங்கள். ரேகைகளில் மாவு தூவியதுபோல வெண்செதில், பாதத்தின் ஓரம்வரை ஏறிய வறட்சி, ஒரு காலில் மட்டும் அதிகம், தடித்து மஞ்சளான நகம் ஆகியவை அதன் அடையாளங்கள். அரிப்பு இல்லாமலும் இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். டெர்பினாஃபின் போன்ற பூஞ்சை மருந்து தேவைப்படும். உள்ளங்கால் தோல் தடிமன் என்பதால் சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும். தெரியாமல் ஸ்டீராய்டு கிரீம் போட்டால் சிவப்பு அடங்கி, தொற்று பரவும். செந்நிறத் திட்டுகள் முழங்கை, தலையிலும் இருந்தால் சொரியாசிஸாக இருக்கலாம். உடம்பு முழுக்க வறண்டு, சோர்வும் இருந்தால் தைராய்டைச் சோதியுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தாது. நரம்பு பாதித்தால் பாதம் வியர்ப்பது குறையும், வலியும் சூடும் உறைக்காது. ஊறவைப்பது, கல்லால் தேய்ப்பது, சாலிசிலிக் அமில ஒட்டுகள் எல்லாவற்றையும் தவிர்த்து, கிரீம் மட்டும் தடவி, தினமும் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். காய்ப்பை மருத்துவரிடமே எடுத்துக்கொள்ளுங்கள். வெடிப்பைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் எது தெரிந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள், வலி இல்லாவிட்டாலும்.